சிறுநீர்நாளத் தழும்பும் விலங்குச் சோதனையும்: மருத்துவமும் மார்க்கமும்

மருத்துவம் வளர வளர, மார்க்க அறிஞர்களை நோக்கி வரும் வினாக்களும் வளர்கின்றன. அவற்றுள் ஒன்று இது: சிறுநீரகக் கல்லுக்காகச் சிகிச்சை பெறுவோரின் உடலுக்குள் வைக்கப்படும் மெல்லிய குழாய் முதலில் பன்றியின் உடலில் வைத்துச் சோதிக்கப்பட்டது என்கிறார்களே, அதனை ஒரு முஸ்லிம் தன் உடலில் ஏற்கலாமா? இவ்வினாவைக் கேட்போர் பெரும்பாலும் விலக்கப்பட்ட பொருள் தம் உடலுக்குள் வந்துவிடுமோ என்றே அஞ்சுகின்றனர். நியாயமான அச்சம்தான். ஆயினும் இதனுள் இன்னொரு வினாவும் அடங்கியிருக்கிறது. நம் நலனுக்காக வாயில்லா உயிரொன்றைக் கிழித்துப் பார்க்க நமக்கு உரிமையுண்டா? உண்டெனில் எந்த எல்லை வரை? இரு வினாக்களையும் ஆராயுமுன், அந்தக் குழாய் எது, அது எதற்காக, விலங்கின் உடலில் என்ன செய்கிறார்கள் என்பவற்றைத் தெளிவாக அறிந்துகொள்வோம். பொருளை அறியாமல் தீர்ப்புரைப்பது நம் முன்னோர் வழக்கமன்று.

நாளமும் தழும்பும்

சிறுநீரகம் இரண்டிலிருந்தும் சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்களைச் சிறுநீர்நாளம் என்பர். வளர்ந்த மனிதரிடம் அதன் நீளம் ஏறத்தாழ 25 முதல் 30 சென்டிமீட்டர். உட்துளையின் அகலம் 3 அல்லது 4 மில்லிமீட்டர். இது வெறும் குழாயன்று. இதன் சுவரில் தசையுண்டு. அத்தசை மேலிருந்து கீழாக அலையலையாகச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் படுத்திருந்தாலும் சிறுநீர் பைக்கு வந்து சேர்வது இந்த அலை இயக்கத்தினால்தான்.

கல் ஒன்று நெடுநாள் சிக்கிக்கொண்டாலும், கல்லை எடுக்கச் செலுத்திய கருவி உரசினாலும், வயிற்று அறுவையில் நாளம் காயமுற்றாலும், புற்றுநோய்க்கான கதிர்வீச்சினாலும் சுவர் புண்படுகிறது. நம் நாட்டில் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். நுரையீரலைப் போலவே சிறுநீர்ப் பாதையையும் அது தாக்கும். நைல் நதிக் கரையில் வாழ்வோருக்கு நீரில் வளரும் பில்ஹார்சியாப் புழுவின் முட்டைகள் நாளச் சுவரில் தங்கி அதே கேட்டைச் செய்துவந்தன. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. புண்ணை ஆற்ற வரும் நார்த்திசுச் செல்கள் கொலாஜன் என்னும் நாரை நெய்கின்றன. கையில் பட்ட காயத்தில் அது வெறும் வடுவாக நின்றுவிடும். மூன்று மில்லிமீட்டர்த் துளையிலோ அந்த வடுவே அடைப்பாகிவிடுகிறது. சிறுநீர் மேலே தேங்கி, சிறுநீரகம் வீங்கி, நாளடைவில் செயலிழக்கிறது. பல வேளைகளில் வலியேதுமின்றியே இது நிகழ்ந்துவிடுவதுதான் இந்நோயின் கொடுமை.

இதற்கான சிகிச்சைகளுள் ஒன்று, இறுகிய இடத்தை உள்நோக்கி வழியே கத்தியாலோ லேசராலோ கீறிவிட்டு அல்லது பலூனால் விரித்துவிட்டு, அது திரும்ப ஒட்டிக்கொள்ளாதவாறு உள்ளே ஒரு குழாயை வைத்துவிடுவது. இறுக்கத்தைக் கீறிக் குழாயின்மேல் ஆறவிடும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் டேவிட் டேவிஸ் 1943இல் வெளியிட்டார். வயிற்றைத் திறவாமல் சிறுநீர்ப்பை வழியே சிலிக்கோன் குழாயைச் செலுத்தும் முறையை 1967இல் சிம்ஸ்கிண்டும் அவர் தோழர்களும் விளக்கினர். குழாய் நழுவாதிருக்க இரு முனைகளும் கொக்கிபோல் வளைந்த வடிவத்தை 1978இல் ஃபின்னி அறிமுகப்படுத்தினார். இன்று நம் மருத்துவமனைகளில் ‘டி.ஜே. ஸ்டென்ட்’ என வழங்குவது இதுவே.

மலைமேல் உள்ளவரின் இடர்

இக்குழாய் நிரந்தரமானதன்று. கல்லுக்காக வைத்ததாயின் சில வாரங்களிலும், வேறு காரணமாயினும் பொதுவாக மூன்று மாதங்களுக்குள்ளும் எடுத்தாகவேண்டும் அல்லது மாற்றியாகவேண்டும். எடுக்கத் தவறினால் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகும், நோய்க்கிருமிகள் குடியேறும், குழாய் துண்டுதுண்டாக உடைவதுமுண்டு. ‘மறந்துபோன ஸ்டென்ட்’ என மருத்துவர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எண்ணிப் பார்ப்போம். கிழக்குத் தொடர்ச்சி மலையில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், மலையாளிப் பழங்குடியினர் சாமையும் மிளகும் காப்பியும் விளைவித்து வாழும் நாடு அது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. செம்மேட்டைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் ஊர்களில் ஒன்றில் வாழும் உழவர், கீழே இறங்கிக் குழாய் வைத்துக்கொண்டு மலையேறிவிடுகிறார் என்று கொள்வோம். வலி போய்விட்டது, வேலை காத்திருக்கிறது. குழாயை எடுக்க மீண்டும் இறங்குவதென்றால் அவருக்கு ஒன்றிரண்டு நாள் கூலியும் வழிச்செலவும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். நாமக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால் தொலைவு குறைந்திருக்கலாம், வளைவுகள் குறையவில்லை. நகரவாசிக்கு அரைநாள் வேலையாக இருப்பது மலைவாசிக்குத் தள்ளிப்போடத் தோன்றும் சுமையாகிறது. தள்ளிப்போடுவதன் விலையோ ஒரு சிறுநீரகமாக இருக்கக்கூடும்.

ஆகவேதான் தன் பணி முடிந்ததும் தானே கரைந்து சிறுநீரோடு வெளியேறிவிடும் குழாயை ஆய்வாளர்கள் தேடுகின்றனர். தழும்பு படர்வதைத் தடுக்கும் மருந்தைக் கசியவிடும் குழாயையும் தேடுகின்றனர். இத்தேடலின் பயனை முதலில் அடையவேண்டியவர் கொல்லிமலை உழவரைப் போன்றோரே. இத்தேடலின் பாதையில்தான் விலங்குகள் நிற்கின்றன.

எந்த விலங்கு, ஏன்?

எலியில் தொடங்குகிறார்கள். அதன் ஒரு பக்க நாளத்தைக் கட்டிவிட்டால் சில நாட்களிலேயே சிறுநீரகத்தில் நார்த்திசு படரும். தழும்பை உண்டாக்கும் வேதிக் கட்டளைகளை அறிய இது உதவும். ஆனால் எலியின் நாளம் மிக நுண்ணியது, மனிதருக்கான குழாய் அதில் நுழையாது. முயல் சற்றுப் பெரியது. எனினும் அதன் சிறுநீர் இயல்பாகவே சுண்ணாம்புச் சத்து மிக்கது. குழாயின்மேல் உப்புப் படிவதை ஆராய அது உதவலாமேயன்றி, அதன் முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. நாய்களிடம் செய்த பழைய ஆய்வுகள் பல. கீறிவிட்ட நாளத்தின் தசைச் சுவர் ஏறத்தாழ ஆறு வாரங்களில் பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது என்பதை ஓப்பன்ஹைமரும் ஹின்மனும் 1955இல் காட்டினர். குழாயை ஆறு வாரம் வைத்திருக்கும் மருத்துவ வழக்கத்திற்கு இந்த ஆய்வே பெரிதும் அடிப்படையாயிற்று.

இன்று பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவது பன்றி. அதன் சிறுநீரகம் மனிதருடையதைப் போலவே பல கிண்ணங்களாகப் பிரிந்தது. ஆடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரகம் அவ்வாறன்று. அதன் நாளம் மனிதருக்கான உள்நோக்கியையும் குழாயையும் ஏற்கும் அகலமுடையது. சாதாரணப் பன்றி விரைந்து பருத்துவிடுவதால், நீண்டகால ஆய்வுக்குக் குறும்பன்றி இனங்களைக் கொள்வர். ஆண் பன்றியின் சிறுநீர்ப் புறவழி வளைந்து நெளிந்து செல்வதால் கருவி செலுத்தப் பெண் பன்றியே ஏற்றது.

செய்முறை இதுதான். விலங்கை மயக்கத்தில் ஆழ்த்தி, ஒரு பக்க நாளத்தைக் கட்டியோ சூட்டுக் கருவியால் தீய்த்தோ காயப்படுத்துவர். சில வாரங்களில் தழும்பு இறுகும்; மேலே சிறுநீரகம் வீங்குவதை அல்ட்ராசவுண்டிலும், சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயிலும் காண்பர். பின் கீறியோ விரித்தோ குழாய் வைப்பர். மறுபக்கத்து நாளம் ஒப்பீட்டுக்குப் பயன்படும். குறித்த நாளில் விலங்கை வலியின்றி உயிர்போக்கி, நாளத்தை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் நோக்குவர். தசை எவ்வளவு வளர்ந்தது, நார் எவ்வளவு படர்ந்தது, உட்தோல் மூடியதா என்பவை அப்போது தெரியும். உயிருடன் இருக்கும் நோயாளியின் நாளத்தை இவ்வாறு வெட்டிப் பார்க்க இயலாது என்பதே விலங்கை நாடுவதற்கான காரணம்.

கற்பித்தவையும் கற்பிக்காதவையும்

விலங்குகளிடம் கற்றது சிறிதன்று. குழாய் வெறும் ஊன்றுகோலன்று, அதுவே ஒரு தொல்லையும்கூட என்பது அவற்றுள் ஒன்று. நலமான நாளத்தில் வைத்தாலும் அலை இயக்கம் ஓய்கிறது, உட்தோல் தடிக்கிறது, சிறுநீர்ப்பையில் உள்ளது மேல்நோக்கித் திரும்புகிறது. ஆகவே வேண்டிய அளவுக்கு மேல் ஒரு நாளும் அதனை உள்ளே விட்டுவைக்கலாகாது என்பது உறுதியாயிற்று. ஸ்பெயினின் காசரெஸ் நகரிலுள்ள ஹெஸூஸ் ஊசோன் நுண்துளை அறுவை மையத்தில், கரைந்துபோவதும் சிறுநீர் மேலேறாது தடுப்பதுமான குழாயைப் பன்றிகளிடம் ஆராய்ந்து வருகின்றனர்.

ஆனால் கற்பிக்காதவையும் உள. தானே அகலும் குழாய் ஒன்று விலங்குகளிடம் நன்முறையில் செயல்பட்டபின் மனிதரிடம் சோதிக்கப்பட்டது. 2003இல் வெளியான முடிவுகளில், பெரும்பாலோருக்கு அது பயன் தந்தது. சிலரிடமோ துண்டுகள் உள்ளேயே தங்கிவிட, அவற்றை அகற்ற மீண்டும் சிகிச்சை வேண்டியதாயிற்று. மற்றொரு குறைபாடும் அடிப்படையானது. இளமையும் நலமும் வாய்ந்த விலங்கில் ஒரே நாளில் உண்டாக்கும் காயமும், காசநோயோ கதிர்வீச்சோ ஆண்டுக்கணக்கில் இரத்த ஓட்டத்தைக் குறைத்து உண்டாக்கும் தழும்பும் ஒன்றல்ல. முன்னது எளிதில் ஆறும், பின்னது ஆறாது. விலங்கிடம் பெற்ற வெற்றியை மனிதருக்கு வாக்குறுதியாகக் கொள்ளலாகாது.

முன்னோர் கண்ட இரு பக்கங்கள்

இந்த இரு பக்கங்களையும் நம் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர் என்பது வியப்பளிக்கும். சிறுநீரகக் கல், சிறுநீர்ப்பைக் கல் ஆகியவை பற்றித் தனி நூலே எழுதிய அபூபக்ர் அர்ராஸீ, பாதரசத்தின் தீங்கை அறிய அதனைத் தம்மிடமிருந்த குரங்குக்குக் கொடுத்துக் கவனித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னு ஸுஹ்ர், மூச்சுக்குழலை அறுத்தால் அது மீண்டும் கூடுமா என்ற ஐயத்தைத் தீர்க்க ஒரு வெள்ளாட்டின் மூச்சுக்குழலை அறுத்து, புண்ணைத் தேன் கலந்த நீரால் கழுவி ஆற்றினார், ஆடு பிழைத்தது. ‘அத்தைஸீர்’ என்னும் நூலில் இதனை அவரே பதிவு செய்துள்ளார். மனிதரிடம் துணிவதற்குமுன் விலங்கிடம் பார்த்தல் என்னும் இன்றைய முறையின் தெளிவான முன்னோடி இது.

மறுபக்கம், மருந்துகளைச் சோதிப்பதற்குரிய விதிகளைத் தம் ‘அல்கானூன்’ நூலின் இரண்டாம் பகுதியில் வகுத்த இப்னு ஸீனா, சோதனை இறுதியில் மனித உடலிலேயே நிகழவேண்டும் என்றார். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட விளைவு மனிதரிடமும் அவ்வாறே அமையும் என்பதற்கு உறுதியில்லை என்பது அவர் கூறிய காரணம். 2003ஆம் ஆண்டின் அனுபவம் இந்த எச்சரிக்கைக்கு ஒரு விளக்கவுரை போல் அமைந்துவிட்டது. இப்னு ஸுஹ்ரின் ஆடும் இப்னு ஸீனாவின் எச்சரிக்கையும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல. முதலாவது மனிதரைப் பெருந்தீங்கிலிருந்து காக்கிறது. இரண்டாவது அவசர நம்பிக்கையிலிருந்து காக்கிறது.

மார்க்கத்தின் நோக்கில்

இனி முதல் வினாவுக்கு வருவோம். ஸ்டென்ட் சிலிக்கோன், பாலியூரித்தேன் போன்ற செயற்கைப் பொருள்களால் ஆவது. பன்றியிடம் சோதித்த குழாய் எடுத்து ஒதுக்கப்படுகிறது. நோயாளிக்கு வைக்கப்படுவது புதிதாகச் செய்யப்பட்ட வேறொன்று. பன்றியின் உடற்பொருள் எதுவும் அதில் சேர்வதில்லை. சோதனையால் கிடைத்தது அறிவு மட்டுமே. அறிவுக்கு அசுத்தம் ஒட்டுவதில்லை. எனவே அதனை ஏற்பதில் தடையேதும் நமக்குத் தெரியவில்லை. விலங்கின் திசுவால் செய்த இதய வால்வு போன்றவை வேறு வகை. அவற்றுக்கான ஆய்வும் வேறு.

சோதனைக் கூடத்தில் பணியாற்றும் முஸ்லிம் மாணவரின் நிலை என்ன? ஷாஃபிஈ மத்ஹபில் பன்றி கடும் நஜீஸ். ஈரத்தோடு தொட்ட இடத்தை ஒரு முறை மண் கலந்த நீராலும் சேர்த்து ஏழு முறை கழுவவேண்டும். ஹனஃபீ மத்ஹபில் பன்றி முழுமையாகவே நஜீஸ். மாலிக்கீ மத்ஹபிலோ உயிருள்ள எந்த விலங்கும் தூய்மையானதே. இவை தொழுகைக்கான தூய்மையைப் பற்றிய விதிகள். தொடுவதே பாவம் என்று கூறுபவையல்ல. கையுறை அணிந்து, முடிந்ததும் தம் மத்ஹபின்படி தூய்மை செய்துகொண்டால் அவர் தொழுகைக்குக் குறைவில்லை.

இரண்டாம் வினாவே கடினமானது. பன்றி விலக்கப்பட்ட விலங்காயிற்றே, அதற்கு நேர்வதைப் பற்றி நமக்கென்ன என எண்ணுவோர் உளர். இது பிழையான எண்ணம். நாயும் ஷாஃபிஈ மத்ஹபில் கடும் நஜீஸே. ஆயினும் தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் மொண்டு தந்தவரின் பாவத்தை இறைவன் மன்னித்தான் என நபிகள் நாயகம் (ஸல்) அறிவித்ததை நாம் அறிவோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்டவள் தண்டனைக்கு ஆளானதையும் அறிவோம். ஆகவே நஜீஸ் என்பது நம் தூய்மையைக் குறித்த சட்டம். அந்த உயிரின் வேதனை மதிப்பற்றது என்னும் தீர்ப்பன்று. உண்ணத் தகாத விலங்குக்கும் வலிக்கும்.

ஹிஜ்ரீ 660, கி.பி. 1262இல் மறைந்த ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்), மனிதர்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளையே பட்டியலிட்டார். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் உணவளித்தல், தாங்க இயலாத சுமையை ஏற்றாதிருத்தல், துன்புறுத்தும் விலங்குகளோடு சேர்த்து அடைக்காதிருத்தல் போன்றவை அதில் அடங்கும். வீணாகக் கொல்வதும், உயிருள்ளதைக் குறிவைத்து விளையாடுவதும் நபிமொழிகளில் கண்டிக்கப்பட்டிருக்கின்றன. உண்பதற்காக அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டி விலங்கின் வேதனையைக் குறைக்கவேண்டும் என்னும் கட்டளை உண்டு. இவற்றிலிருந்து மூன்று நிபந்தனைகளை நாம் பெறலாம். நாடும் பயன் உண்மையானதாகவும் பெரிதாகவும் இருக்கவேண்டும். வேறு வழியில் அதனை அடைய இயலாதிருக்கவேண்டும். வேதனை இயன்றவரை நீக்கப்படவேண்டும். இம்மூன்றும் கூடினால் சோதனைக்கு இடமுண்டு. ஒன்று குறைந்தாலும் அது அநீதியை நோக்கிச் சாய்கிறது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு கூறும். ஓரியின் அம்புக்கு ஆற்றலே அளவாயிற்று. ஆய்வாளரின் கத்திக்குத் தேவையே அளவாக வேண்டும்.

நாட்டின் சட்டம்

நம் நாட்டுச் சட்டமும் இந்நிபந்தனைகளுக்கு வெகு அருகில் நிற்கிறது. மதுரையில் பிறந்து, 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே சட்டமியற்றுவதாக அளித்த உறுதியின் பேரில் அது திரும்பப் பெறப்பட்டு, 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

உயிர் காக்கவும் துன்பம் நீக்கவும் நோயை எதிர்க்கவும் செய்யும் சோதனைகளை அச்சட்டம் தடுக்கவில்லை, எல்லை வகுக்கிறது. அறுவை நிகழும்போது விலங்கு மயக்கத்தில் இருக்கவேண்டும். பிழைத்தாலும் கடுந்துன்பமே எஞ்சும் எனில் மயக்கத்திலேயே அதன் உயிரை முடிக்கவேண்டும். சிறிய விலங்கால் இயலுமெனில் பெரிய விலங்கை நாடலாகாது. கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை செய்வதை இயன்றவரை தவிர்க்கவேண்டும். 1998ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்வதும், ஒவ்வொன்றிலும் நெறிமுறைக் குழு இயங்குவதும் கட்டாயம். எலி, முயல் போன்ற சிற்றுயிர்களுக்கு அக்குழுவின் இசைவு போதும். பன்றி போன்ற பெரிய விலங்குகளுக்கு மையக் குழுவின் இசைவும் வேண்டும்.

குறைத்தலே நெறி

ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மூன்று நெறிகள் உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளன: விலங்குக்கு மாற்று இருந்தால் அதனை நாடுதல், விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனை குறைய முறையைச் செம்மைப்படுத்துதல். இன்று செயற்கைச் சிறுநீர் ஓடும் மாதிரிக் குழாயில் வைத்தே உப்புப் படிவை அளக்கலாம். ஆய்வகத்தில் வளர்த்த உட்தோல் செல்களில் மருந்தின் தீங்கை அறியலாம். சிறுநீர் ஓட்டத்தைக் கணினியில் கணிக்கலாம். மாணவர் கைப்பழகப் பயிற்சி மாதிரிகள் வந்துவிட்டன. புதிய மருந்துகளுக்கு விலங்கில்லா முறைகளையும் ஏற்கும் வகையில் அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்தையும், இந்தியா 2023 மார்ச்சில் விதிகளையும் திருத்தின. ஆயினும் காயமுற்ற நாளம் முழுதாக எப்படி ஆறுகிறது, அலை இயக்கம் மீள்கிறதா என்பதை உயிருள்ள உடலன்றி வேறெதுவும் இன்னும் முழுமையாகக் காட்டவில்லை. ஆகவே விலங்குச் சோதனை அறவே ஒழிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. அது என்றென்றைக்குமான உரிமை என்றும் கொள்வதற்கில்லை. மாற்று வழி ஒன்று உறுதிப்படும்போதெல்லாம், தேவை என்னும் காரணம் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. அதனோடு அனுமதியும் சுருங்கவேண்டும்.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. ஓர் உயிரின் வேதனையை ஈடாகக் கொடுத்துப் பெற்ற அறிவு வீணாகப் போனால், அந்த வேதனையும் வீணானதாகவே பொருள். குழாயை உரிய காலத்துக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்பது அவ்வாறு பெற்ற பாடம். குழாய் வைத்தவரின் பெயரையும் எடுக்கவேண்டிய நாளையும் ஏட்டில் குறித்துவைத்து, நாள் நெருங்கும்போது நினைவூட்டி, மலையிலிருந்து இறங்கிவர வழிசெய்வது பெருஞ்செலவில் முடியும் காரியமன்று. மருத்துவமனை மட்டுமன்றி, ஊர் ஜமாஅத்தும் தொண்டு அமைப்புகளும் இதில் துணைநிற்கலாம். நோயாளி எச்சமயத்தவராயினும் இது நம் கடமையே. உடலில் குழாய் உள்ளவர்களும், ‘வலியில்லையே’ என வாளாவிராமல், எடுக்கும் நாளை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். அமானிதமாக நமக்குத் தரப்பட்ட உடலைப் பேணுவதும், நம்மினும் எளிய உயிர்களிடம் அளவு கடவாதிருப்பதும் ஒரே நன்றியுணர்வின் இரு கிளைகள். இறைவன் நமக்கு அந்த நன்றியுணர்வை அருள்வானாக.